காது மெசினுக்கு மணிக்கூட்டு பெட்டரி போடலாமா?

ஹட்டன், தலவாக்கலை பக்கம் வட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ் சுத்துது, காது மெசின் பெட்டரி 675ம் மணிக்கூடு கடையில விக்கிற எல்ஆர்44ம் ஒண்ணுதான், சும்மா காசக் கொட்டாதீங்கன்னு. பொய்ங்க. சைஸ்தான் ஒண்ணு, ரெண்டும் 11.6 மில்லிமீட்டர் அகலம், அதனால உள்ள போகும், சத்தமும் கேக்கலாம், அங்கதான் ஆளுங்க ஏமாறுறாங்க. 675 காத்த இழுத்து வேலை செய்ற சிங்க் எயார், சுமார் 600 எம்ஏஎச் (பெட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும்ங்கிற கணக்கு), கடைசி வரைக்கும் வோல்டேஜ் பெருசா இறங்காது. எல்ஆர்44 அல்கலைன், அதுல கால்வாசி தாங்குறதே பெருசு, வோல்டேஜும் போகப் போக இறங்கும், நீங்க தாத்தாவுக்கு காது இன்னும் மோசமாயிருச்சுன்னு நினைச்சுக்குவீங்க.

காது மெசின் பெட்டரிய சைஸ் நம்பருக்கு ஏத்த ஸ்டிக்கர் கலர பாத்து வாங்குங்க: 10 மஞ்சள், 312 பிரவுன், 13 ஒரேஞ்ச், 675 நீலம், எந்த கம்பெனின்னாலும் இதான். காதுக்குள்ள போற ரிசீவர் (குட்டி ஸ்பீக்கர்) வயர் மட்டும் அப்படியில்ல, கம்பெனி, மொடல் ரெண்டும் பொருந்தணும். ஸ்டிக்கர உரிச்சதும் ஒரு ரெண்டு நிமிசம் காத்துல வச்சிட்டு போடுங்க.