ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத உலகக் கோப்பைச் சாம்பியன்

பனியில் ஸ்கீ கட்டிக்கொண்டு ஓடும் பந்தயமான கிராஸ் கன்ட்ரி ஸ்கீயின் 2022-23 சீசனை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஆண்களில் நார்வேயின் யோஹன்னஸ் ஹோஸ்ஃப்ளொட் கிளேபோ 20 தனிநபர் பந்தயங்களை ஜெயித்து உலகக் கோப்பையை எடுத்தார். பெண்களில் அதே நார்வேயின் திரில் உத்னெஸ் வெங் ஒரு தனிநபர் பந்தயத்தைக்கூட ஜெயிக்காமல் உலகக் கோப்பையை எடுத்தார். அதே புள்ளி விதி, கோப்பையாகக் கொடுக்கும் அதே கண்ணாடிக் கோளம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பந்தயங்கள் நடந்துவிட்டன. ஆனால் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் யாராவது ஒருவர் அந்தப் பூஜ்யத்தை இழுத்துக்கொண்டு வருகிறார். "ஓசியில் வந்த கோப்பை" என்று ஒருவர், "வருகைப் பதிவேட்டுக்குக் கொடுத்த பரிசு" என்று இன்னொருவர். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. என்னைக் கேட்டால் வெங் வாங்கியது முழுக்க முழுக்க நியாயமான கோப்பை. ஆனால் அதைக் கொடுத்த புள்ளி விதியில் ஒரு இடத்தில் எனக்குக் குறை உண்டு. கிண்டல் செய்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் இது எப்படிப்பட்ட கோப்பை என்று பார்ப்போம். கிரிக்கெட், கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு உலகக் கோப்பை என்றால் ஒரு மாதத் திருவிழா, கடைசியில் ஒரு இறுதிப் போட்டி. ஸ்கீயில் அப்படி இல்லை. அந்த சீசனில் நவம்பர் கடைசியில் பின்லாந்தின் ரூகாவில் ஆரம்பித்து மார்ச் கடைசியில் லஹ்தியில் முடியும் வரை, வாரா வாரம் ஒரு ஊர். லில்லஹாமர், டாவோஸ், ஓபர்ஸ்டோர்ஃப், ஃபாலுன், டாலின் என்று மூட்டை கட்டிக்கொண்டே போக வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கும் இடத்துக்குப் புள்ளி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் கோப்பை. தங்கப் பதக்கத்துக்கு ஒரு நல்ல நாள் போதும். இதற்கு நான்கு மாதம் வேண்டும்.

சரி, புள்ளிக்கு வருவோம். அந்த சீசனுக்கு முன்பு வரை முதலிடத்துக்கு 100, இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றுக்கு 60, நான்குக்கு 50, ஐந்துக்கு 45 என்று சரசரவென்று இறங்கும். முப்பதாவது ஆளுக்கு 1, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 2022-23இல் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் இதை மாற்றியது. 100, 95, 90, 85, 80, 75 என்று மெல்ல மெல்ல இறங்கி, ஐம்பதாவது ஆள் வரைக்கும் புள்ளி உண்டு என்று ஆனது.

இதன் விளைவு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்திலும் ஐந்தாவதாக வருகிறார். இன்னொருவர் ஐந்தில் முதலாவதாக வந்துவிட்டு, மீதி ஐந்துக்கு வரவே இல்லை. பழைய விதிப்படி ஐந்தாம் இடத்துக்காரருக்கு 450, ஜெயித்தவருக்கு 500. புதிய விதிப்படி ஐந்தாம் இடத்துக்காரருக்கு 800, ஜெயித்தவருக்கு அதே 500. பூஜ்ய வெற்றியோடு ஒருவர் கோப்பை தூக்க முடிந்தது எப்படி என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது இதைத்தானே" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். எல்லாப் பந்தயத்திலும் ஐந்தாவதாக வருவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தீர்களா?

கிராஸ் கன்ட்ரியில் "எல்லாப் பந்தயமும்" என்பது ஒரே மாதிரியான பந்தயங்கள் இல்லை. கிளாசிக் என்றால் இரண்டு ஸ்கீயும் வெட்டிவைத்த தடத்துக்குள் நேராகப் போக வேண்டும், ஏற்றத்தில் வழுக்காமலிருக்க ஸ்கீயின் நடுவில் பிடிப்பு மெழுகு பூச வேண்டும். ஃப்ரீஸ்டைல் என்றால் பக்கவாட்டில் உந்தி ஸ்கேட்டிங் போல ஓடுவது. அதற்கு வேறு ஸ்கீ, வேறு காலணி, தசை வேலை செய்யும் விதமே வேறு. அப்புறம் தூரம். ஸ்பிரிண்ட் என்பது மூன்று நிமிடச் சமாசாரம். ஆனால் காலையில் தகுதிச் சுற்று, அதில் தேறிய 30 பேருக்குக் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று ஒரே நாளில் நான்கு முறை உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். மறுநாள் 10 கிலோமீட்டர், அடுத்த வாரம் 20. அந்த சீசனில் 50ம் சேர்ந்துகொண்டது. ஸ்பிரிண்டில் புலியாக இருப்பவர் பலருக்கு 20 கிலோமீட்டர் ஆகாது, நீண்ட தூரக்காரர்கள் பலர் ஸ்பிரிண்டில் காலிறுதியோடு கிளம்பிவிடுவார்கள். இரண்டிலும், இரண்டு பாணியிலும், வாரா வாரம் முன்வரிசையில் நிற்கும் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெங் அந்தக் குளிர்காலத்தில் செய்தது அதைத்தான்.

இதைவிடப் பெரிய விஷயம், நோய் வராமல் இருப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். குளிர்காற்றை அரை மணி, ஒரு மணி என்று முழு மூச்சில் நுரையீரலுக்குள் இழுப்பதுதான் இவர்கள் வேலை. மைனஸ் 20க்குக் கீழே போனால்தான் பந்தயத்தைத் தள்ளிவைப்பார்கள். மைனஸ் 15 என்றால் ஓடித்தான் ஆக வேண்டும். விமானம், ஓட்டல், சாப்பாட்டு மேஜை, மறுபடி விமானம் என்று கழியும் குளிர்காலத்தில் ஒரு சளி பிடித்தால் இரண்டு வாரம் போச்சு. முகக்கவசமும் கையுமாக, நண்பர்களையும் வீட்டாரையும் தள்ளிவைத்து வாழ்கிறார்கள். கூட்டத்தில் எங்கே உட்காருவது, எந்த வாரம் ஓய்வெடுப்பது, எந்தப் பந்தயத்தில் கொஞ்சம் அடக்கி ஓடுவது என்ற கணக்கெல்லாம் திறமைதான். மேடை ஏறாத திறமை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆண்டு டூர் டி ஸ்கீயை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டை ஒட்டி நடக்கும் தொடர் பந்தயம் அது. 2023இல் ஏழு கட்டம். கடைசிக் கட்டம் இத்தாலியின் ஆல்பே செர்மிஸ் மலை மேல். மற்றவர்கள் ஸ்கீயில் இறங்குவதற்காக வைத்திருக்கும் சரிவில் இவர்கள் ஏறுகிறார்கள், சில இடங்களில் சாய்வு 28 சதவீதம் வரை போகும். (யார் மூளையில் உதித்த யோசனையோ, நல்லா இருக்கட்டும்.) கிளேபோ முதல் ஆறு கட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். பெண்களில் சுவீடனின் ஃப்ரிடா கார்ல்சன் அந்த மலையில் கடைசி மீட்டர்களில் நிற்கவே முடியாமல் தள்ளாடி, எப்படியோ கோட்டைத் தாண்டி டூரை வென்றார். பார்க்கவே பதறியது. அந்த வாரத்தின் ராணி கார்ல்சன்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் சீசன் என்பது அந்த ஒரு வாரம் இல்லையே.

கிளேபோவின் 20 வெற்றியைக் காட்டி, "இவர்தான் உண்மையான சாம்பியன், அவர் காகிதச் சாம்பியன்" என்று ஒப்பிடுவதும் அபத்தம். அன்று கிளேபோவுக்கு ஈடாக முழு சீசனும் ஓடிய ஆள் ஆண்களில் இல்லை. ரஷ்யர்கள் 2022 மார்ச் முதல் தடையில் இருந்தார்கள். 2020, 2021 இரண்டு சீசன்களின் கோப்பையையும் வென்ற போல்ஷுனோவ் களத்திலேயே இல்லை. பெண்கள் பக்கம் நிலைமை தலைகீழ். பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்திய நார்வேயின் யோஹாக் ஓய்வு பெற்றுவிட்டார், முந்தைய சீசனின் சாம்பியனான ரஷ்யாவின் நெப்ரியாயேவா தடையில். யாருடைய ஆதிக்கமும் இல்லாத வெற்றிடம். கார்ல்சன், எப்பா ஆண்டர்சன், டிகின்ஸ், நிஸ்கானென், சுந்த்லிங் என்று வெற்றிகள் பலருக்குச் சிதறின. எல்லோரும் ஜெயிக்கும் குளிர்காலத்தில் எப்போதும் பக்கத்திலேயே நிற்பவர்தான் மேலே வருவார். கால்பந்து லீக் பட்டியலில் இதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது, அதையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓட வேண்டும் என்று சம்மேளனம் 2022 மே மாதம் முடிவெடுத்தது. 10, 20, 50 என்று இருவருக்கும் ஒரே அளவு. அதுவரை பெண்களுக்கு அதிகபட்சம் 30 கிலோமீட்டர்தான். பெண்களால் முடியுமா, பார்க்கச் சுவையாக இருக்குமா என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். வீராங்கனைகளிலேயே சிலருக்கு இதில் விருப்பமில்லை என்பதும் உண்மை. 2023 மார்ச்சில் ஆஸ்லோவின் ஹோல்மென்கோலனில் உலகக் கோப்பையின் முதல் பெண்கள் 50 கிலோமீட்டர் நடந்தது. நார்வேயின் ரக்னில்ட் ஹாகா ஜெயித்தார். வானம் இடிந்து விழவில்லை. எனக்கு வருத்தம் வேறு இடத்தில்: ஆண்களின் 15 கிலோமீட்டரை 10ஆகக் குறைத்தது. அந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு இருந்தது, அழகும் இருந்தது. பெண்களை 15க்கு ஏற்றியிருக்கலாமே. யார் கேட்கிறார்கள்?

விட்ட இடத்துக்கு வருகிறேன். விதியில் எனக்கு என்ன குறை?

முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் வெறும் 5 புள்ளி என்பதுதான். ஆறாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் அதே 5. கடைசி இருநூறு மீட்டரில் இருவர் தோளோடு தோள் உரசி வரும்போது, முன்னால் போனால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பட்டியல் தரும் பதில் ரொம்ப மெலிந்திருக்கிறது. ஐம்பதாவது ஆளுக்கும் புள்ளி கொடுப்பது நல்லது. சின்ன நாட்டிலிருந்து, ஒரே ஒரு மெழுகுப் பணியாளரோடு வந்து 43ஆவதாக முடிக்கும் ஒருவருக்குப் பட்டியலில் பெயர் வருவது சின்ன விஷயமில்லை. அதைத் தொட வேண்டாம். ஜெயிப்பவருக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். 110 கொடுத்தாலே போதும், 15 புள்ளி இடைவெளி வந்துவிடும்.

அப்படிச் செய்தால் வெங் ஜெயித்திருக்க மாட்டாரே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அவர் விளையாடியது அன்று இருந்த விதியில். எல்லோருக்கும் சீசன் ஆரம்பிக்கும் முன்பே தெரிந்த விதி. ஒரே பட்டியலைப் பார்த்துத்தான் எல்லா அணிகளும் திட்டம் போட்டன. சிலர் அதே குளிர்காலத்தில் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் தனியாக நடந்த உலக சாம்பியன்ஷிப்பைக் குறிவைத்துச் சில வாரங்களை விட்டுக்கொடுத்தார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு, அதற்கான பதக்கங்களையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த சீசனில் வெங்குக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிகின்ஸ். பிளானிட்சாவில் 10 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியவர். கிராஸ் கன்ட்ரியில் அமெரிக்காவின் முதல் தனிநபர் உலகப் பட்டம் அது. புலம்ப யாருக்காவது காரணம் இருந்தது என்றால் அவருக்குத்தான். அவரோ அடுத்த குளிர்காலம் இதே 100, 95, 90 விதிக்குள் இறங்கி, ஸ்பிரிண்ட், நீண்ட தூரம், கிளாசிக், ஃப்ரீஸ்டைல் என்று எதையும் விடாமல் ஓடி 2024 கோப்பையை எடுத்தார். 2025இல் பாத வலியோடு ஓடி மறுபடியும் எடுத்தார். அந்த 2025இல்தான் கிளேபோ தன் சொந்த ஊரான ட்ரொண்ட்ஹைமில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆறுக்கு ஆறு தங்கம் வாங்கினார். கூடவே ஐந்தாவது முறையாகக் கண்ணாடிக் கோளத்தையும் தூக்கிக்கொண்டு போனார்.

பின்னூட்டத்தில் "பூஜ்யம் பூஜ்யம்தான்" என்று எழுத வருபவர்கள், எதுவும் ஜெயிக்காமல் கோப்பை தூக்குவது அவ்வளவு எளிது என்றால் அந்த நான்கு மாதமும் மற்ற எல்லோரும் ஏன் அதைச் செய்யவில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள்.