79 டாம்கேட்டும் ஒரு ரப்பர் வளையமும்

ஈரான் விமானப்படை பற்றிப் பேச்சு எழுந்தாலே டைம்லைன் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் "பறக்கும் மியூசியம்" என்று நக்கல். இன்னொரு பக்கம் "அமெரிக்கத் தடைக்கே தண்ணி காட்டிய நாடு" என்று புல்லரிப்பு. இரண்டு கோஷ்டியும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறார்களே தவிர, அதன் வயிற்றுக்கு அடியில் தட்டு வைத்து எண்ணெய் பிடித்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கைப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் 1979க்குப் பிறகு அங்கே நடந்தது முழுக்க முழுக்க ஒரு ஸ்டோர் ரூம் கதை. எது முதலில் தீர்ந்தது, எதை ஒப்பேற்ற முடிந்தது, எது கடைசிவரை கைக்கு வரவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

மன்னர் ஷா காலத்தில் ஈரான் அமெரிக்காவிடம் 80 எஃப்-14 டாம்கேட் போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 79 வந்து சேர்ந்தன, கடைசி ஒன்றை அமெரிக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. கூடவே 200க்கும் மேற்பட்ட எஃப்-4 ஃபேன்டம்கள், எஃப்-5 டைகர்கள், சி-130 சரக்கு விமானங்கள். 1979 பிப்ரவரியில் புரட்சி, நவம்பரில் தெஹ்ரான் அமெரிக்கத் தூதரக முற்றுகை. அத்தோடு உதிரிபாகக் குழாய் அடைக்கப்பட்டது. 1980 செப்டம்பர் 22இல் சதாம் படையெடுத்தார். யானையைக் கொடுத்தவன் அங்குசத்தைப் பிடுங்கிக்கொண்டு போன நிலை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஷா காலத்தில் ஈரானிய டெக்னீஷியன்கள் செய்தது பெரும்பாலும் ரன்வே ஓரத்து வேலை: பெட்டியைக் கழற்று, புதுப் பெட்டியை மாட்டு. கழற்றிய பெட்டியைத் திறந்து சரிசெய்யும் ஆழமான வேலை அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் கையிலும் அமெரிக்காவிலும் இருந்தது. கையிருப்புக் கணக்கும் அவர்கள் போட்டுக்கொடுத்த கணினி முறையில்தான். அவர்கள் கிளம்பியதும் கிடங்கில் பொருள் இருந்தது, எந்த அலமாரியில் எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் 13 இலக்க ஸ்டாக் எண் உண்டு. அந்த எண் தெரியாவிட்டால் கையில் இருக்கும் வால்வு எஃப்-4க்கா, சி-130க்கா, ஜெனரேட்டர் வண்டிக்கா என்றே சொல்ல முடியாது. ஹொமாஃபர் எனப்படும் விமானப்படை டெக்னீஷியன்கள்தான் புரட்சியில் முன்வரிசையில் நின்றவர்கள். 1979 பிப்ரவரியில் தெஹ்ரானின் தோஷான் தப்பே தளத்தில் அவர்கள் எழுந்தது வரலாறு. அந்த வர்க்கமே பிறகு அலமாரி அலமாரியாகக் கிடங்கை எண்ண வேண்டியதாயிற்று. என் கணிப்பில் ஈரானின் முதல் வெற்றி அந்தக் கணக்கெடுப்புதான். அதை வைத்து யாரும் ஆவணப்படம் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது, எந்த விமானத்தைக் காப்பாற்றுவது சுலபம்? பலரும் பழைய விமானம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. எஃப்-5ஐ 30க்கும் மேற்பட்ட நாடுகள் ஓட்டின. அதன் ஜே85 இன்ஜினின் சிவில் தம்பி சிஜே610, பழைய லியர்ஜெட்டுகளில் ஓடியது. எஃப்-4ஐ ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, துருக்கி, கிரீஸ், இஸ்ரேல் எல்லாம் வைத்திருந்தன. அதனால் உலகச் சந்தையில் எங்காவது ஒரு பாகம் மிதந்துகொண்டே இருக்கும். எஃப்-14ஐ வைத்திருந்தது இரண்டே பேர்: அமெரிக்கக் கடற்படையும் ஈரானும். விற்க மனமுள்ள மூன்றாவது ஆள் கிடையாது. அதன் டிஎஃப்30 இன்ஜினுக்கு மட்டும் எஃப்-111, ஆரம்பகால ஏ-7 விமானங்கள் என்று உறவுக்காரர்கள் உண்டு. மற்ற பாகங்களுக்கு வேறு வழி இல்லாததால்தான் 1985இல் அமெரிக்கக் கடற்படைக் கிடங்குகளிலிருந்தே எஃப்-14 பாகங்களைத் திருடி ஈரானுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. 2006இல் கடற்படை டாம்கேட்டுக்கு ஓய்வு கொடுத்ததும் மிச்ச பாகங்களின் விற்பனையை நிறுத்தி, விமானங்களையே துண்டு துண்டாக அரைத்துத் தள்ளியதும் இதே பயத்தில்தான்.

சரி, விமானத்தை உண்மையில் தரையில் உட்கார வைப்பது எது? ரேடார், இன்ஜின் என்றுதான் பதில் வரும். அவை பிறகு. முதலில் உட்கார வைப்பது ரப்பர்.

எஃப்-4, எஃப்-14 இரண்டிலும் சக்கரத்தையும் இறக்கைப் பலகைகளையும் அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு). அதை அடக்கி வைத்திருப்பது சில மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஓ-ரிங்குகள், அதாவது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் வார்த்த வளையங்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அந்த ரப்பரை வார்த்த காலாண்டும் ஆண்டும் அச்சாகியிருக்கும். "2க்யூ78" என்றால் 1978 இரண்டாம் காலாண்டு. அன்று முதல் அது பையிலேயே மூப்படைகிறது. பயன்பட்டுக் கழற்றிய வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், வட்டமாக இருந்த குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். விரலால் இழுத்தால் மயிரிழை வெடிப்பு தெரியும். அது இனி பள்ளத்தை நிறைக்காது.

உள்ளூரில் வார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். வார்க்கலாம், வார்க்கவும் செய்தார்கள். ஆனால் கோளாறு நுணுக்கமாக வரும். நைட்ரைலில் அக்ரிலோநைட்ரைல் என்ற மூலப்பொருளின் விகிதத்தைக் கூட்டினால் எண்ணெயில் ஊதாது, ஆனால் குளிரில் விறைத்துவிடும். தப்ரீஸ் மாதிரி பனி கொட்டும் தளத்தில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சொட்டும், சூடேறினால் நின்றுவிடும். "பரவாயில்லை, நின்றுவிட்டது" என்று அனுப்பினால் மேலே 30,000 அடிக் குளிரில் மறுபடி சொட்டும். இன்னொரு தவறு, பார்க்க ஒரே கறுப்பாக இருக்கும் இபிடிஎம் என்ற வேறு வகை ரப்பர் கலந்துவிடுவது. சிவப்பு மினரல் ஹைட்ராலிக் எண்ணெயில் அது ஊறிப் பெருத்து, பாகத்தை அசைக்கும் ஆக்சுவேட்டர் சிலிண்டரையே இறுக்கிப் பிடித்துவிடும். மூன்றாவது, இந்த அழுத்தத்தில் ஓ-ரிங்குக்கு அணைப்பாக ஒரு டெஃப்லான் வளையம் வேண்டும். அதைச் சிக்கனம் பிடித்தால் ரப்பர் இடுக்கில் பிதுங்கி, எலி கடித்த மாதிரி ஓரம் தின்னப்படும். (கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடக் கூடாது. 3,000 பி.எஸ்.ஐ.யில் வரும் ஊசிச் சாரல் தோலுக்குள் எண்ணெயை ஏற்றிவிடும். அட்டையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.)

ரப்பருக்கு அடுத்து வெடிமருந்து. ஏவுகணையைச் சொல்லவில்லை, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் எஜெக்ஷன் சீட்டைச் சொல்கிறேன். எஃப்-4இலும் எஃப்-14இலும் இருப்பது பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள். அதைத் தூக்கியடிக்கும் தோட்டாக்களில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும். அதைத் தடுக்கக் கலந்த நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டால் எரியும் வேகம் மாறிவிடும். ஆயுளை நீட்டிக்க ஒரு வழி உண்டு: ஒரே தடவையில் தயாரான அதே லாட்டிலிருந்து சில தோட்டாக்களை எடுத்து, மூடிய கலத்தில் சுட்டு, அழுத்தம் எத்தனை மில்லி செகண்டில் ஏறுகிறது என்று வரைந்து பார்ப்பது. வரைபடம் பழைய அளவுக்குள் இருந்தால் மீதிக்கு இன்னும் கொஞ்ச காலம் கொடுக்கலாம். அதாவது கையிருப்பைச் சோதிக்கவே கையிருப்பைக் கரைக்க வேண்டும். சோதிக்காமல் விட்டால், ஆபத்து நேரத்தில் இருக்கை சரியான வேகத்தில் கிளம்பாத அபாயம்.

போல்ட் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது ரொம்ப எளிதாகத் தெரியும். லேண்டிங் கியர் போல்ட்டை அளவெடுத்துக் கடைந்து, துருப்பிடிக்காமல் காட்மியம் பூசுகிறார்கள். பூசும் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பூச்சு முடிந்த நான்கு மணிக்குள் அடுப்பில் வைத்து, 190 டிகிரி செல்சியஸில் வழக்கமாக 23 மணி நேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். ஷிஃப்ட் முடிந்துவிட்டது, நாளைக் காலை அடுப்பில் வைக்கலாம் என்று விட்டால் போச்சு. போல்ட் அளவில் சரியாக இருக்கும், முறுக்கி இறுக்கினாலும் தாங்கும். இரண்டு நாள் கழித்து, விமானம் சும்மா நிற்கும்போதே தலை டப்பென்று தெறித்து விழும். வரைபடத்தில் வடிவம் இருக்கிறது, அடுப்பு நேரம் வேறொரு தாளில் இருக்கிறது. அந்தத் தாள் கிடைக்காதவன் விமானத்தை இழந்துதான் பாடம் படிக்கிறான்.

டர்பைன் பிளேடும் இதே கதைதான். ஜே85ஐ ஈரான் நகலெடுத்து ஓவ்ஜ் என்று பெயர் வைத்தது. பிளேடின் வளைவை அளப்பது ஒரு வார வேலை. நிக்கல் கலவையை வெற்றிடத்தில் உருக்கி வார்த்து, உள்ளே நுண்துளை இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, அலுமினைடு பூச்சு ஏற்றுவது பல வருஷ வேலை. அந்த இன்ஜின் நிமிடத்துக்கு 16,000 சுற்றுக்கு மேல் சுழலும். எதிரெதிர் பிளேடுகளுக்குள் ஒரு கிராம் எடை வித்தியாசம் இருந்தாலே ஐம்பது கிலோ அளவுக்கு இழுக்கும், பேரிங் தேயும். அதைக் கண்டுபிடிக்க மலிவான வழி ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்திய அரை மணிக்குள், துகள் அடியில் படியும் முன், கொஞ்சம் எண்ணெய் எடுத்து இரும்பு, வெள்ளி, செம்பு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பார்ப்பது. ஒரு தடவை பார்த்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அதே இன்ஜினின் முந்தைய ஐம்பது அளவீடுகள் பக்கத்தில் இருந்தால்தான் ஏறுமுகம் தெரியும்.

இங்கேதான் "ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டுவது" என்ற பழக்கம் விஷமாகிறது. வாடகை தராமல் குடியிருக்கலாம் என்று தோன்றும், ஆனால் கந்துவட்டிக் கடன் அது. கழற்று, மாட்டு, பிறகு கொடையாளி விமானத்துக்கு வேறொன்று தேடி மாட்டு என்று உழைப்பு இரண்டு மடங்கு. ஒவ்வொரு தடவையும் கனெக்டர் பின் வளையும், திருகுமரை தேயும். பாகத்தோடு அதன் பறந்த மணியைக் குறித்த லாக் கார்டும் போகவில்லை என்றால் எத்தனை மணி பறந்த பம்ப் என்றே தெரியாது. நின்றுபோன விமானமும் சும்மா நிற்பதில்லை. எரிபொருள் டேங்கை வற்றவிட்டால் உள்ளே பூசிய சீலன்ட் காய்ந்து சுருங்கும், மறுபடி நிரப்பிய அன்றே தையல் தையலாக ஒழுகும். அமெரிக்கக் கடற்படையிலேயே டாம்கேட் ஒரு மணி நேரம் பறக்க 40 முதல் 60 மனித மணி பராமரிப்பு தேவைப்பட்டது. அது பாகம் தாராளமாகக் கிடைத்த காலத்தில்.

இத்தனையையும் தாண்டி 1985 பிப்ரவரி 11 அன்று தெஹ்ரான் மேல் 25 எஃப்-14கள் ஒன்றாகப் பறந்தன. விரல்விட்டு எண்ணுமளவே பறக்கும் நிலையில் இருக்கும் என்று வெளியே கணித்தவர்களுக்கு அது அடி. போரில் அவற்றை முன்னணிச் சண்டைக்கு அள்ளி இறைக்காமல், பின்னால் நிறுத்தி அவற்றின் ஏடபிள்யூஜி-9 ரேடாரைக் கண்ணாகப் பயன்படுத்தியதும் சரியான முடிவு என்பேன். பறக்கும் மணி என்பது அங்கே பணத்தைவிடப் பெரிய நாணயம். டாம்கேட்டின் நெடுந்தூர ஏவுகணையான ஃபீனிக்ஸ் குறைந்தபோது, தரையிலிருந்து ஏவும் ஹாக் ஏவுகணையையே விமானத்தில் மாட்டிப் பார்த்தார்கள். பின்னாளில் உள்நாட்டு ஏவுகணையான ஃபக்கூர்-90 வந்தது.

எனக்கு ஒவ்வாதது சாயிகே, கவ்சர் மாதிரி "புதிய" போர் விமான விழாக்கள். இரண்டும் எஃப்-5இன் எலும்பின் மேல் எழுந்தவை. இரட்டை வால் ஒட்டவும் விமானி அறைத் திரைகளை மாற்றவும் போன உழைப்பு, ரப்பர் சீல், இருக்கைத் தோட்டா, பாகங்களைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் பக்கம் போயிருந்தால் இருக்கும் விமானங்களே இன்னும் கொஞ்சம் அதிகம் பறந்திருக்கும். அதற்கு ரிப்பன் வெட்ட அமைச்சர் வரமாட்டார், அதுதான் பிரச்சினை.

2025 ஜூனில் இஸ்ரேல் தாக்குதலில் டாம்கேட்டுகள் தரையிலேயே எரிந்த வீடியோவைப் பார்த்து "மிச்சம் எத்தனை?" என்று இங்கே பலர் கேட்டார்கள். எண்ணிக்கையை விடுங்கள். ஈரான் டாம்கேட்டுகளின் எண் 3-6001இல் தொடங்கி 3-6079இல் முடியும். இனி அணிவகுப்புப் படம் ஏதாவது வந்தால் அந்த எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். அதே நாலைந்து எண் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரே விமானத்தில் வால் பலகையின் பெயின்ட் ஒரு நிறமும் மூக்குக் கூம்பு வேறு நிறமுமாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறிய பலகை எந்த விமானத்திலிருந்து வந்ததோ, அது ஏதோ ஒரு ஹேங்கரில் அந்தப் பலகை இல்லாமல் நிற்கிறது.