பொதி கட்ட முன்னம் ஆட்களை எண்ணுங்கள்

மாரி மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் போதும், முகநூல் முழுக்க நிவாரணப் பொதிதான். பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, சீனி, தேயிலை, ஒரு பால்மாப் பெட்டி. குடும்பத்துக்கு ஒன்று. கொடுக்கிறவர்களின் மனதில் குறையில்லை. கணக்கில்தான் குறை.

அவசரகால உணவுக்கு உலக அளவில் எடுக்கும் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி. அரிசி 450 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சீனி 20 கிராம் என்றால் கிட்டத்தட்டச் சரிவரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அரிசி மட்டும் நாளுக்கு இரண்டேகால் கிலோ. அந்தப் பத்துக் கிலோ ஐந்தாம் நாள் பொழுதுபட முன்னம் முடிந்துவிடும். ஒன்பது பேர் உள்ள வீட்டில் மூன்று நாள்கூடத் தாங்காது. எண்ணெயைப் பலர் மறந்தே போகிறார்கள். பாரம் குறைந்த, சக்தி கூடிய சாமான் அதுதான்.

அரிசி முடிந்த வீட்டில் அடுத்து முடிவது திரிபோஷா, கிளினிக்கில் கொடுக்கும் சத்துமா. நிறை குறைந்த பிள்ளைக்கு மாதம் 750 கிராம் பக்கெற் இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம். பசித்த வீட்டில் அதை ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒளித்துக் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுப்பாள். பிறகு கிளினிக்கில் நிறை ஏறவில்லை என்று அவளைத்தான் ஏசுகிறார்கள்.

ஆட்களைக் குறைத்து எண்ணினால் என்னவாகும் என்று வன்னிக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 தொடக்கத்தில், இறுதிப் போரில் வன்னிக்குள்ளே சிக்கியிருப்பது 70,000 பேர் அளவுதான் என்றது அரசு. முகாம்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களே 2,80,000 வரை. ஒருவரின் சோற்றை நாலு பேர் பங்கிட்ட கணக்கு அது. அரிசி, தண்ணீர், உப்பு போட்ட அந்த முள்ளிவாய்க்கால் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் சந்திகளில் காய்ச்சிக் கொடுக்கிறோம். ஆளுக்கு 50 கிராம் அரிசி போட்டால், எத்தனை குவளை தண்ணீர் விட்டாலும் அதில் 180 கிலோகலோரிதான். வயிறு நிரம்பும். இரண்டு வயதுப் பிள்ளையின் நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கும் வராது.

பால்மா விசயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன்: கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பொதியோடு பால்மா போடாதீர்கள். சாதாரண பால்மா ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கானது இல்லை. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரும் சரியாக அவிக்காத சூப்பிப் போத்தலும் சேர்ந்தால் வயிற்றோட்டம் நிச்சயம். பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும் என்பது பிழை. பால் இறங்கத்தான் சுணங்கும். அடிக்கடி மார்பில் போட்டால் வரும். அந்தக் காசுக்குத் தாய்க்கு முட்டையும் பயறும் எண்ணெயும் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது, பிள்ளை மெலிந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது கையைத் தொங்கவிட்டு, தோள்மூட்டு நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளக்க வேண்டும். 125 மில்லிமீற்றருக்குக் கீழ் என்றால் கவனம். 115க்குக் கீழ் என்றால் கடும் போசாக்கின்மை. சட்டைக்கை மேல் அளந்தால் கூடக் காட்டும், தோல் சுருங்க இறுக்கினால் குறையக் காட்டும். நாடா தப்பவிடுகிற பிள்ளையும் உண்டு. இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் பெருவிரலால் மூன்று விநாடி அமத்துங்கள். எடுத்தபின் இரண்டிலும் குழி நின்றால் அது வீக்கம்; கை என்ன அளவு காட்டினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படி வற்றிய பிள்ளைக்கு 'நல்லாச் சாப்பிடக் குடுங்கோ' என்பது ஆபத்தான புத்தி. பட்டினியில் உடம்பு பொட்டாசியத்தை இழந்து சோடியத்தைத் தேக்கி வைத்திருக்கும். இதயத் தசையும் மெலிந்திருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடும் உப்பும் போனால் இதயம் தாங்காது. அதனால்தான் வைத்தியசாலை விடுதியில் முதல் நாட்களில் எஃப்-75 என்ற சிகிச்சைப் பால்: 100 மில்லிலீற்றருக்கு 75 கிலோகலோரி, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவிலும். இரவுப் பால் தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கி, உடல் குளிர்ந்து, விடியப்புறத்தில் பிள்ளை போய்விடலாம். வயிற்றோட்டத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிகூட இந்தப் பிள்ளைக்கு உப்புக் கூடியது. சோடியம் குறைந்த கரைசல் வேறாக உண்டு. இரும்புச்சத்து மருந்தும் நிறை ஏறத் தொடங்கிய பிறகுதான். வழியில் நீங்கள் செய்யக்கூடியது: பிள்ளை விழிப்பாக இருந்தால் 50 மில்லிலீற்றர் சுத்தத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்துப் பருக்குவதும், தாயின் நெஞ்சோடு அணைத்துப் போர்ப்பதும்.

இவ்வளவும் தாய் விடுதியில் நின்றால்தான் நடக்கும். வீட்டில் மற்றப் பிள்ளைகள், போன நாள்கூலி, பஸ் காசு. வீக்கம் வற்றினவுடனேயே, சிகிச்சை முடிய முன்னமே தாய் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பணம் சேர்க்கிறவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃப்) கேளுங்கள், இந்த மாதம் எத்தனை தாய்மார் பிள்ளையோடு விடுதியில் நிற்க வேண்டியிருக்கிறது என்று. அவர்களின் மூன்று நேரச் சாப்பாட்டுக்கும், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆளுக்கும், போக்குவரத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அதைப் படம் பிடித்துப் போட வேண்டாம்.