கால் கழுவுற குழாய்கூட உருப்படியா இல்லையே!

கடற்கரையில வியூ பாயின்ட், செல்ஃபி மேடை எல்லாம் பளபளன்னு வைக்கிறாங்க. வெளியே வர்ற வழியில கால் கழுவ ஒரு குழாய் ஒழுங்கா இருக்கா? அமுக்கினா ரெண்டு நொடி சொட்டிட்டு நின்னுடுது, இல்லன்னா துருப்பிடிச்சு இறுகிக் கிடக்குது. ஒரு லிட்டர் கடல்நீர்ல சுமார் 35 கிராம் உப்பு. அந்தச் சாரல் படுற இடத்துல 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போட்டா புள்ளி புள்ளியா அரிக்கத்தான் செய்யும். உப்பு அரிப்பைத் தாங்க, மாலிப்டினம்ங்கிற உலோகம் கலந்த 316 ரகம் போடணும்.

அதைவிடக் கொடுமை கீழே. கழுவின மணல் நேரா வடிகால் பைப்புக்குள்ள போய் அடைச்சுக்குது, கணுக்கால் வரைக்கும் கலங்கல் தண்ணி தேங்குது. பைப்புக்கு முன்னாடி ஒரு தொட்டி கட்டி, தண்ணி வெளியேறுற வாயை அடியிலிருந்து ஒரு முழம் மேலே வச்சா மணல் கீழே தங்கிடும். தொட்டி நிறையறதுக்குள்ள அள்ளிப் போடணும், அவ்வளவுதான்.

குழாயிலிருந்து நடைபாதை வரைக்கும் சொரசொரப்பான சிமென்ட் தளமும் வேணும். ஈரக்காலோட மறுபடி மணல்லயே நடக்க விட்டா எதுக்குய்யா அந்தக் குழாய்? குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு செருப்பு மாட்டுறவங்களுக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பியாவது நட்டு வைங்க.