பெத்தவங்க கையெழுத்து இல்லாம கல்யாண எழுத்து நடக்காதா?

இலங்கையில் ரெண்டு வீட்டுக்கும் பகை என்றால் 21 வயது வரை பெற்றோர் கையெழுத்துப் போடாமல் பதிவாளர் எழுத்து எழுத மாட்டார் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது பழைய கணக்கு. 1989 இன் 17 ஆம் இலக்கச் சட்டம் முழுவயதை 18 ஆக்கியது. 1995 இன் 18 ஆம் இலக்கத் திருத்தம் விவாகத்துக்கான குறைந்த வயதையும் 18 ஆக்கியது. பொது விவாகப் பதிவில் இருவருக்கும் 18 நிறைந்திருந்தால் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. (முஸ்லிம் விவாகச் சட்டம் வேறு.) சாட்சி இருவர் வேண்டும், ஆனால் அது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

உண்மையில் சிக்குவது வேறு இடத்தில். பிறப்புச் சான்றிதழில் 'முத்தையா', அடையாள அட்டையில் 'முத்தையாபிள்ளை' என்று இருந்தால் அலைச்சல்தான். முதலில் அதைப் பாருங்கள். ஒருவர் ஹட்டன், மற்றவர் பதுளை என்றால் இரண்டு பிரிவுப் பதிவாளரிடமும் விவாக அறிவித்தல் கொடுக்கணும். கொடுக்கிறவர் அந்தப் பிரிவில் குறைந்தது 10 நாள் இருந்திருக்கணும். அந்த அறிவித்தலுக்கான பதிவாளர் சான்றிதழ் 12 நாள் கழித்துத்தான், அதுவும் அறிவித்தல் பதிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குத்தான் செல்லும். அந்த 12 நாளில் செய்தி தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) வந்துவிடும், அது வேறு விஷயம்.

சந்தேகமென்றால் பிறப்புச் சான்றிதழோடு உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய், அறிவித்தல் படிவத்தில் பெற்றோர் சம்மதம் யாருக்குத் தேவை என்று கேளுங்கள்.