இட்லித் தட்டில் 10 நம்பர் போல்ட்டு

(பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சாளை என்கிற தோட்டத்து வீட்டு வாசலில் மினி டிராக்டர் பானட்டைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. மணி ஏழு. எட்டு மணிக்கு மாப்பிள்ளை வருகிறார்.)

அம்மிணி: ஏனுங்க மாமா, இட்லித் தட்டைப் பார்த்தீர்களா?

மாமா: கிட்டே வராதே! கால் பட்டுச் சாய்ந்தால் அத்தனையும் கலந்துவிடும்.

அம்மிணி: அடக் கடவுளே! குழிக்குக் குழி போல்ட்டா?

மாமா: மேல் தட்டு பானட்டு, நடுத் தட்டு சைடு கவர். அதெல்லாம் 10 நம்பர் ஸ்பானர். கீழ்த் தட்டு மட்கார்டு, அது 13. நீள போல்ட்டைக் குட்டை போல்ட்டு இடத்தில் முடுக்கினால் உள்ளே நீட்டிக்கொண்டு வயரைக் குத்தும். அதனால்தான் தனித்தனிக் குழி.

அம்மிணி: இந்தக் குழியில் என்ன, ஏதோ மிதக்கிறது?

மாமா: டீசல். துருப்பிடித்த போல்ட்டு, வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. மேலே டீசல் விட்டு ஊற வைத்து, முதலில் லேசாக இறுக்கினேன். துரு விட்டதும் கழன்று வந்தது. எடுத்த எடுப்பில் பலத்தைக் காட்டினால் தலை மட்டும் முறிந்து கையில் வரும்.

அம்மிணி: இட்லித் தட்டில் டீசல்!

மாமா: புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அம்மிணி: யார் தேய்ப்பது?

மாமா: (காது கேட்காதவர் போல) பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் எடுத்துவிட்டேன். மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்து, ஸ்பானர் பாடியில் பட்டால் தீபாவளிதான்.

அம்மிணி: அது இருக்கட்டும், வண்டிக்கு என்னதான் நோவு?

மாமா: சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. இங்கே பார். எலி, பேட்டரிக்குப் பின்னால் வீடே கட்டியிருக்கிறது. தேங்காய் நார், காய்ந்த புல், அப்புறம் ஏதோ சிவப்புத் துணி...

அம்மிணி: (உருவிப் பார்த்து) இது ஜரிகை! என் கூறைச்சேலை முந்தானை!

மாமா: ஸ்டார்ட்டருக்குப் போகிற சின்ன வயரைக் கடித்துத் தின்றுவிட்டு, பட்டில் படுத்திருக்கிறது. நான்கூட அப்படிப் படுத்ததில்லை.

அம்மிணி: பீரோவைப் பூட்டாதே, காற்றாடட்டும் என்று சொன்னது யாருங்க?

மாமா: அதெல்லாம் இப்போது எதற்கு? அந்தக் கட்டிங் பிளேயரை எடு.

அம்மிணி: எனக்கு அடுப்பு வேலை கிடக்கிறது. இட்லிதான் போச்சு, தோசையாவது சுடுகிறேன். தோசைத் திருப்பி எங்கே?

மாமா: ...

அம்மிணி: மாமா?

மாமா: சைடு கவரில் பிளாஸ்டிக் கிளிப்பு அம்மிணி. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் கவரே விரிசல் விடும். தோசைத் திருப்பி நல்ல தட்டை. உள்ளே விட்டால் அலுங்காமல் வருகிறது. வண்டி விற்றவனே ஒன்று சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அம்மிணி: சரி, வாணலியாவது மிச்சம் இருக்கிறதா?

மாமா: சத்தியமாகத் தொடவில்லை.

அம்மிணி: அப்படியென்றால் உப்புமாதான். தலைதீபாவளிகூட முடியாத மாப்பிள்ளைக்கு உப்புமா! என்ன நினைப்பார்?

மாமா: வரட்டும். பானட்டை ஒருத்தர் பிடிக்காமல் மாட்ட முடியாது. எல்லா போல்ட்டையும் விரலால் ரெண்டு சுற்று விட்டு வைத்து, அப்புறம்தான் இறுக்கணும். ஒன்றை முதலில் இறுக்கினால் அடுத்த ஓட்டை நேரே வராது. அரை மணி நேரம் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கட்டும், உப்புமாவை இன்னொரு தட்டு கேட்பார்.