மரபுக் கருவியில் வாசித்தால் மட்டும் போதுமா?

சில வாரங்களாக, ஜப்பானிய நாட்டுப்பாடல்களை அந்நாட்டு மரபுக் கருவிகளுக்கென அமைத்த இசைப்பதிவுகளையே கேட்டு வருகிறேன். பல பதிவுகள் மனத்தை விட்டு அகலவில்லை. ஆயினும், கிடத்தி வைத்து மீட்டும் கோட்டோவிலோ, மூன்று நரம்புகள் கொண்ட ஷாமிசெனிலோ வாசித்துவிட்டாலே ஒரு பாடல் தன் பழைய உருவில் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கடற்கரைப் பாடல் 'சோரான் புஷி'யை எடுத்துக்கொள்வோம். பெருவலையில் அகப்பட்ட ஹெர்ரிங் மீன்களைக் கைவலையால் அள்ளிப் படகில் கொட்டும்போது மீனவர்கள் பாடிய தொழிற்பாட்டு அது. 13 நரம்புகள் கொண்ட கோட்டோவோ அரண்மனையிலும், பின்னர் பார்வையற்ற இசைக்கலைஞர்களின் சங்கத்திலும், நகரத்து வீடுகளிலும் வளர்ந்த கருவி. மீன்பிடி படகில் அதற்கு வேலை இருந்ததில்லை. ஆகவே நான்கு கோட்டோக்களில் ஒலிக்கும் சோரான் புஷி, பியானோவில் ஒலிப்பதைப் போலவே புதிய ஆக்கம்தான். புதிதாக இருப்பது குறையன்று. மீனை அள்ளும் கையின் பாரம் தாளத்தில் தெரியாமல், அடிக்கு அடி சலங்கை கட்டியதுபோல் நரம்புகள் சிலம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தை, அதே ஹொக்கைடோவின் 'எசாஷி ஒய்வாகே' என்னும் பாடல் தருகிறது. நடு ஜப்பானின் ஷினானோ மலைப்பாதைகளில் சரக்குக் குதிரை ஓட்டியவர்களின் பாட்டு வடக்கே பயணப்பட்டு எசாஷி துறைமுகத்தில் கடற்பாட்டாக மாறியது என்பர். அதற்குக் கட்டுத்தாளம் கிடையாது; ஏழு அடிகள், ஒவ்வோர் அடிக்கும் ஒரே மூச்சு. 1963 முதல் அந்த ஊரில் இதற்கென்றே தேசிய அளவில் போட்டி நடத்துகிறார்கள். துணைக்கு வருவது ஷாகுஹாச்சி என்னும், ஐந்தே துளைகள் கொண்ட மூங்கில் குழல். வாசிப்பவர் முகவாயைத் தாழ்த்தியும் உயர்த்தியும் சுரத்தை இழைக்கிறார். நம் கச்சேரிகளில் விருத்தம் பாடுபவரை வயலின் பின்தொடர்வதைப் போல, குரல் போன வழியே குழலும் போகிறது. இந்தப் பாடலை நான்கடித் தாளத்தில் இறுக்கி, குழுவாக வாசிக்கும்படி அமைத்த பதிவொன்றைக் கேட்டபோது மெய்யாகவே வருந்தினேன். பாடுபவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதை அமைத்தவர் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

கோட்டோ தன் வீட்டில் இருப்பது, செர்ரிப் பூக்களைப் பாடும் 'சகுரா சகுரா'வில்தான். 1888இல் டோக்கியோ இசைப்பள்ளி வெளியிட்ட கோட்டோ பாடத்தொகுப்பில், தொடக்க நிலை மாணவர்களுக்கான பாடமாக அது இடம்பெற்றது. அதன் ஐந்து சுரங்களையும் தகுந்த ஆதார சுருதியிலிருந்து எண்ணினால் நம் 'கர்நாடக சுத்த சாவேரி' ராகத்தின் சுரங்களே கிடைக்கின்றன. சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் பக்கத்துச் சுரத்தோடு உரசும் இடங்களில்தான் அந்த மெட்டின் ஏக்கம் குடியிருக்கிறது. இடக்கையால் நரம்பை அழுத்தி அந்தச் சுரத்தை வளைக்கும்போது எனக்கு வீணையே நினைவுக்கு வருகிறது. பார்வையற்ற மேதை மியாகி மிச்சியோ 1923இல் இதன்மேல் மாறுபாடுகளை அமைத்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாமே உருவாக்கிய 17 நரம்புக் கோட்டோவை அடிநாதத்துக்குச் சேர்த்துக்கொண்டார். மேலைநாட்டு இசையைக் கற்று உள்வாங்கிய அவர் கையில் மெட்டு சிதையவில்லை. பின்னாளில் வந்த சிலர் ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் தடித்த ஒத்திசைவுகளை அடுக்கி, அந்த உரசலையே மழுக்கிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, குமாமோத்தோவின் இட்சுகி கிராமத்துத் தாலாட்டு இனிப்பாக்கப்படும் விதம். வறுமையால் பிறர் வீட்டில் குழந்தை பார்க்க அனுப்பப்பட்ட சிறுமிகளின் பாட்டு அது. முன்னோரை நினைவுகூரும் போன் பண்டிகை வரைதான் இங்கே இருப்பேன், அதன்பின் இருக்கமாட்டேன் என்று பாடும் அந்தப் பிள்ளை, முதுகில் கட்டிய குழந்தையைத் தூங்கவைப்பதோடு தன்னையும் தேற்றிக்கொள்கிறாள். சிற்றோடைபோல் கோட்டோக்கள் சலசலக்கும் பதிவுகளில் அவளைக் காணோம். ஒரு முதிய பெண்குரலும், அடிக்கு ஒருமுறை மட்டும் தொட்டுவிட்டு ஓயும் ஷாமிசெனும் கொண்ட பழைய பதிவு ஒன்று என்னிடம் உள்ளது. நேற்றிரவும் அதைத்தான் கேட்டேன்.